நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பிழை

வாசலில் அண்ணன் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டதும் சின்னவர் முதலில் செய்த காரியம், சாப்பாட்டு மேஜை மேலிருந்த பதினான்கு புத்தகங்களின் மீது ஈரத் துண்டைப் போட்டு மூடியதுதான்.

"என்னடா, காலங்காத்தால மேஜைக்குப் போர்வை போர்த்தறே?" என்றபடி பெரியவர் உள்ளே வந்தார்.

"துடைச்சிட்டிருந்தேன் அண்ணா. ஒரே தூசி."

அடுப்படியிலிருந்து சின்னவரின் மனைவி எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் மேஜை துடைத்து அவள் கண்டதில்லை.

பெரியவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மூன்று கார்களின் சாவி, ஆபீஸ் ஷட்டர் சாவி, டிராயர் சாவி. அதைத் துண்டின் மேல், சரியாகப் புத்தகக் குவியலின் உச்சியில் வைத்தார்.

"ஒண்ணாம் தேதியிலிருந்து ஸ்கூலை நீ பார்த்துக்கோ. எனக்கு முதுகு வலி. நாள் முழுக்க நாற்காலியில உக்கார முடியலை."

சின்னவருக்குக் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"போர்டையும் மாத்தச் சொல்லிட்டேன். உன் பேரு, உன் போட்டோ. நல்லதா ஒண்ணு எடுத்துக்கோ. லைசென்ஸ்ல இருக்கற மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்காதே."

"அண்ணா... திடீர்னு ஏன்?"

"அதான் சொன்னேனே, முதுகுன்னு."

தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பெரியவர் கிளம்பிவிட்டார். மனைவி காபியோடு வந்தபோது வாசலில் ஆள் இல்லை. அவள் காபியைத் தானே ஒரு வாய் குடித்துவிட்டு, துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"இப்போ என்ன பண்ணப் போறீங்க?"

நியாயமான கேள்வி. அந்தப் பதினான்கும் சின்னவர் தன் அண்ணனைப் பற்றி எழுதிய ஒரே புத்தகத்தின் பிரதிகள். அண்ணனைத் திட்டி எழுதியது என்று சொன்னால் இன்னும் சுருக்கமாக இருக்கும்.

அப்பா ஆரம்பித்த டிரைவிங் ஸ்கூல் அது. அப்பாவுக்குப் பிறகு பெரியவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். போர்டில் அவர் படம் ஏறியது. சின்னவர் முன்போலவே காரில் உட்கார்ந்தார், அதுவும் பக்கத்து சீட்டில். அங்கே காலடியில் அவருக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது. இருபத்தைந்து வருடமாக ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் போட்டவர் அவர்தான். ஆனால் லைசென்ஸ் வாங்கியதும் இனிப்பு டப்பாவோடு வருகிறவர்கள் நேராகப் பெரியவர் அறைக்குத்தான் போவார்கள். சின்னவருக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே ரேஷன் கார்டுக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். அவளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இதெல்லாம் உள்ளுக்குள் ஒரு மூலையில் சும்மா கிடந்தது. அதைக் கிளறிவிட்டது ஓர் இளவரசர்.

சின்னவரிடம் வண்டி கற்றுக்கொண்டிருந்த அச்சகத்து அம்மாள்தான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தாள். அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் வேலை அவளுக்கு. டெஸ்ட்டில் நான்கு முறை தோற்றவள். சாலையில் புறா நடந்தாலும் பிரேக் போட்டுவிட்டு, அது கடந்து போகும் வரை காத்திருப்பாள். காத்திருக்கும் நேரத்தில் பேசுவாள்.

"படிச்சுப் பாருங்க மாஸ்டர். ஏதோ ஒரு தேசத்து அரச குடும்பமாம். ரெண்டாவது இளவரசர் எல்லாத்தையும் போட்டு உடைச்சிருக்கார்."

சின்னவர் படித்தார். அவள் ரிவர்ஸ் எடுக்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். மூத்த இளவரசருக்குப் பால்கனி வைத்த அறை. இளையவருக்குக் குதிரை லாயத்தைப் பார்த்த ஜன்னல். மூத்தவர் கோட்டில் எட்டுப் பொத்தான். இளையவர் கோட்டில் ஏழு. அரச ரதத்தில் இளையவருக்கு எப்போதும் பின்பக்கம் பார்த்த இருக்கை. ஊர்வலம் முழுக்க, வந்த வழியையே பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த இடத்தில் சின்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரிவர்ஸ் பயிற்சிக்கு வைத்திருந்த இரண்டு பிளாஸ்டிக் கூம்புகள் காரின் அடியில் போனதை அவர் கவனிக்கவில்லை.

இளவரசர் சும்மா இருக்கவில்லை. எழுதினார். உலகமே படித்தது. அரண்மனைக்கு ஒரு பிரதிகூட அனுப்பவில்லையாம். ராஜாவே பத்திரிகையில்தான் பார்த்தாராம். சின்னவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினார்.

மூன்று மாதத்தில் எழுதி முடித்தார். 'பக்கத்து சீட்', நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அச்சகத்து அம்மாளே டைப் செய்து, பக்கம் கட்டி, ஐம்பது பிரதி போட்டுக் கொடுத்தாள். முப்பத்தாறு பிரதிகள் நேற்று உறவினர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அண்ணனுக்கு மட்டும் இல்லை. ஊர் வாயால் கேட்டு அவர் நோகட்டும் என்பதுதான் திட்டம். நேற்று வரைக்கும் நல்ல திட்டமாகத்தான் தெரிந்தது.

"அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி.

"நீ எப்போ சொன்னே?"

"நீங்க நோட்டு வாங்கும்போதே சொன்னேன். எழுதறதுன்னா மளிகைச் சாமான் எழுதுங்கன்னு."

அண்ணன் காதுக்குப் போவதற்குள் முப்பத்தாறையும் திரும்பப் பிடித்துவிட வேண்டும். எல்லோரும் நேற்றுதானே வாங்கினார்கள். யாரும் பிரித்திருக்க மாட்டார்கள். சின்னவர் போனை எடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார், பழைய மாணவர்களுக்கும் அதையே அனுப்பினார்:

'நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பெரிய அச்சுப் பிழை. தயவுசெய்து யாரும் படிக்காமல் புத்தகத்தைத் திருப்பித் தரவும்.'

ஏன் நாற்பத்திரண்டு? வாயில் வந்த எண் என்றுதான் மனைவியிடம் சொன்னார். உண்மையில் அன்று காலை அவரை உறுத்திய பக்கம் அதுதான். அப்பா இறந்த நாளைப் பற்றிய பக்கம்.

அடுத்த ஐந்து நிமிடத்தில், அதுவரை அட்டையைக்கூடப் புரட்டாத அத்தனை பேரும் நேராக நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனார்கள். குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. குழுவில் அண்ணன் இல்லை. அவருக்குப் போன் என்றால் பேசுவதற்கு மட்டும்தான்.

பிறகு ஒரு செய்தி வந்தது. குழுவில் அண்ணி இருப்பதை அப்போதுதான் அவர் நினைத்துப் பார்த்தார்.

'எந்தப் புத்தகம் தம்பி? எங்களுக்கு வரலையே?'

சின்னவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது கட்டைவிரல் ஒன்றுதான். 'சாலை விதிகள் புத்தகம் அண்ணி. நம்ம ஸ்கூலுக்காக' என்று அடித்து அனுப்பிவிட்டார்.

'அடடே! அண்ணன் சந்தோஷப்படுவார். பிழை இல்லாததா பத்து காப்பி கொடுங்க. ஆபீஸ்ல வச்சு வர்றவங்களுக்குக் கொடுக்கலாம்.'

"நல்லது. இனிமே சாலை விதியும் எழுதணும்" என்றாள் மனைவி.

அதற்குள் போன் அடித்தது. அக்கா.

"ஏன்டா, நூத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதத் தெரிஞ்சவனுக்கு என்னைப் பத்தி பதினோரு வரிதான் வந்துதா?"

"அக்கா, அது வந்து..."

"அதுலயும் நாலு வரி என் சைக்கிளைப் பத்தி."

"அடுத்த பதிப்புல சேர்த்துடறேன்கா. இப்போ புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடு, சரியா?"

அடுத்து அக்கா பேசியபோது குரலில் கேலி இல்லை.

"நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். அப்பா போற நேரத்துல தான் மட்டும் பக்கத்துல இருக்கணும்னு அண்ணன் உன்னைக் கூப்பிடலை, எல்லாம் முடிஞ்சப்புறம் கார் ஷெட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனார்னு எழுதியிருக்கே."

"ஆமாம். அது உண்மைதானே?"

"அன்னைக்கு நீ எங்கே இருந்தே?"

"ஒரு பொண்ணுக்கு ஹைவேயில வண்டி சொல்லிக் கொடுத்துட்டிருந்தேன்."

"அதனாலதான் போன் பண்ண வேண்டாம்னார். சேதி கேட்டா இவன் பதறுவான், பதறினா அந்தப் பொண்ணும் பதறும், எங்கேயாவது கொண்டுபோய் இடிச்சுடுவாங்கன்னு. ஷெட்டுக்கு வர்ற நேரம்தான், நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்னு கிளம்பினார். முடிஞ்சப்புறம் வரலைடா. முடியறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே வந்து ஷெட் வாசல்ல நின்னுட்டிருந்தார். நீ வந்து சேரலை. அப்பா போனப்போ பக்கத்துல இருந்தது நான் ஒருத்திதான். அண்ணனும் இல்லை."

சின்னவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்கு ஓட்டம் நன்றாக வந்ததால் அன்று கூடுதலாகப் பத்து மைல் கூட்டிப் போனது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இத்தனை வருஷமா ஏன்கா யாரும் சொல்லலை?"

"நீ கேட்கவே இல்லையேடா. மனசுக்குள்ளயே ஒரு பதிலை வச்சிருந்தே."

போனை வைத்த பிறகு அவர் நெடுநேரம் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது பயத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அண்ணன் ஒரு நாளும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடக் கூடாது.

மறுநாளிலிருந்து வேட்டை ஆரம்பமானது. ஸ்கூல் காரை விட்டால் அவருக்கு வேறு வண்டி இல்லை. காலை வகுப்போ அச்சகத்து அம்மாளுடையது. அதனால் அவள் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்ல, தலையில் 'எல்' போர்டோடு கார் வீடு வீடாக ஊர்ந்தது. நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போனார்கள். சின்னவர் புத்தகம் பொறுக்குகிற சேதியும் அவர்களோடு முந்திக்கொண்டு போனது.

முதலில் சித்தி வீடு.

"நீ எழுதினதெல்லாம் சரிதான்" என்றாள் சித்தி. "ஆனா உங்கம்மா கல்யாணத்துல போட்டோ எடுக்கும்போது என்னைக் கூப்பிடலை. அதை ஏன் எழுதலை?"

"எனக்குத் தெரியாதே சித்தி. நான் அப்போ பிறக்கவே இல்லையே."

"விசாரிச்சு எழுதணும். எழுத்தாளர்னா சும்மாவா?"

புத்தகம் அவளிடம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து எதிர் வீட்டுக்குப் போய், மூன்று தெரு தாண்டியிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது, "கொஞ்சம் இருங்க, கடைசி எட்டுப் பக்கம்தான்" என்று வாசலிலேயே நிற்கவைத்தார்கள்.

சலூன்காரர் பழைய மாணவர். புத்தகத்தைக் காத்திருப்பவர்களின் பெஞ்சில், சினிமாப் பத்திரிகைகளுக்கு மேலே வைத்திருந்தார்.

"இப்போல்லாம் முடி வெட்டிக்கிட்டப்புறமும் யாரும் எழுந்து போக மாட்டேங்கறாங்க மாஸ்டர்" என்றார் பெருமையாக. "முகத்துல சோப்பு நுரையோட ஒருத்தர் உங்களுக்காக அழுதார்."

"பிழை இருக்கு. கொடுத்துடுங்க."

"நாற்பத்திரண்டாம் பக்கம்தானே? எல்லாரும் அதைத்தான் முதல்ல கேட்கறாங்க. தேடக் கஷ்டப்படறாங்கன்னு நானே மடிச்சு வச்சிருக்கேன்."

வக்கீலும் பழைய மாணவர்தான். அவர் மட்டும் புத்தகத்தைக் கேட்டவுடன் கொடுத்துவிட்டார். சின்னவர் நன்றி சொல்லிப் பிரித்துப் பார்த்தால் ஏழு இடங்களில் சிவப்புக் கோடு.

"இந்த ஏழு இடத்துலயும் உங்க அண்ணன் உங்க மேல கேஸ் போடலாம்" என்றார் வக்கீல். "கண்டிப்பா ஜெயிப்பார். அவர்கிட்ட சொல்லுங்க, நானே ஆஜராகறேன். எனக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்த குடும்பம்."

"சொல்லிக் கொடுத்தது நான்தானே வக்கீல் சார்?"

வக்கீல் யோசித்தார். "அப்படியா? போர்டுல அவர் படம்தானே இருந்துது."

வேறு நாளாக இருந்தால் சின்னவர் அதை வீட்டுக்கு வந்து இன்னோர் அத்தியாயமாக எழுதியிருப்பார். அன்று பேசாமல் காரில் ஏறிக்கொண்டார்.

வழியில் ஒரு புறா. கார் நின்றது.

"மாஸ்டர், இளவரசர் புத்தகத்துல, ரெண்டாம் பதிப்புக்குப் புதுசா எழுதிச் சேர்த்த கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?" என்று கேட்டாள் அச்சகத்து அம்மாள்.

"இல்லை. அதுக்குள்ளதான் நானே எழுத ஆரம்பிச்சிட்டேனே."

"பின்சீட்டுல கிடக்கு. படிச்சுப் பாருங்க."

புறா அவசரப்படவில்லை. சின்னவர் எடுத்துப் படித்தார். இளவரசர் இப்போது கடல் தாண்டி எங்கேயோ ஒரு பெரிய வீட்டில் இருக்கிறார். புத்தகத்தின் புகழால் வாசலில் எந்நேரமும் போட்டோ பிடிக்கிறவர்கள். தொலைக்காட்சியில் அண்ணனின் முடிசூட்டு விழா ஓடுகிறது. அரச ரதத்தில் பின்பக்கம் பார்த்த இருக்கை காலியாகப் போகிறது. 'யாருப்பா அது, தொப்பி போட்டவர்?' என்று அவருடைய மகள் கேட்கிறாள். கடைசியாக இளவரசர் இப்படி எழுதியிருந்தார்: நான் எழுதியது அத்தனையும் உண்மை. அதையெல்லாம் பேசிச் சிரிக்க, அதே வீட்டில் வளர்ந்த இன்னொருவர் வேண்டும். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

புறா எப்போதோ போய்விட்டிருந்தது. பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சின்னவர் 'போங்க' என்று சொல்லவில்லை.

நான்கு நாளில் முப்பத்தாறு பிரதிகளும் வந்து சேர்ந்தன. அடுத்தது அண்ணியின் பத்து. சின்னவர் கடையில் பத்து சாலை விதிக் கையேடுகள் வாங்கி வந்தார். மனைவியிடம் கத்தரியையும் பசையையும் கொடுத்தார். 'பக்கத்து சீட்' பிரதிகள் பத்தின் அட்டையை உரித்துக் கையேட்டின் மேல் ஒட்டினார்கள். அட்டையில் ஒரு கார் படம்தான், இதற்கும் பொருந்தியது. பத்தையும் கட்டி அண்ணியிடம் கொடுத்தாயிற்று.

வீட்டுக்கு வந்து மிச்சத்தை எண்ணினால் நாற்பத்தொன்பது.

மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்பது. மனைவியை எண்ணச் சொன்னார். அவளுக்கும் அதேதான்.

"அட்டை ஒட்டும்போது ஒண்ணு மாறிப் போச்சா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் சின்னவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பெரியவர் கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, கையை உயர்த்தி, பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, முதுகு வலின்னீங்களே?"

"இப்போ வலிக்கலை" என்றார் பெரியவர். இறங்கி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் விரித்துக் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அட்டையில் கார். 'பக்கத்து சீட்'.

"ஆபீஸ்ல ஒன்பது வச்சிட்டேன் தம்பி" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இந்த ஒண்ணை மட்டும் உங்க அண்ணன் கையை விட்டுக் கொடுக்க மாட்டேங்கறார்."

"படிச்சேன்டா" என்றார் பெரியவர்.

"எ... எவ்வளவு தூரம் அண்ணா?"

"முழுசா. நல்லா எழுதியிருக்கே. மனசுல பட்டதை ஒளிக்காம எழுதியிருக்கே."

சின்னவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். விரிந்த பக்கத்தில் படத்தோடு இருந்தது: 'குறுகிய பாலத்தில் எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும்.' மாறிப் போகவில்லை. கையேடுதான்.

"இவ்வளவு உனக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியவே இல்லை பாரு. இருபத்தஞ்சு வருஷம் ஒரே ஸ்கூல்ல இருந்திருக்கோம்."

"எல்லாம்... பொதுவான விதிகள்தானே அண்ணா."

பெரியவர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். "ஆமாம். எல்லாருக்கும் பொருந்தறதுதான்" என்றார்.

சாலை விதிக்காக இவ்வளவு மகிழ்கிற மனிதரைப் பற்றியா அப்படி எழுதினோம் என்று சின்னவர் நினைத்தார். எல்லாவற்றையும் அப்போதே கொட்டிவிடலாம் போலிருந்தது. வாயைத் திறந்தார்.

"அண்ணா... அப்பா போன அன்னைக்கு..."

"அந்த ஸ்விட்சைப் போடு. எரியுதா பார்க்கலாம்."

சின்னவர் எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டார்.

"எரியுது அண்ணா."

"அப்போ சரி. காபி குடிச்சிட்டுப் போ."

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றாள். ஐம்பதாவது பிரதி அவள் கையில் இருந்தது, நடுவில் பள்ளம் விழுந்து.

"வாஷிங் மெஷின் ஆடுதுன்னு, நீங்க சித்தி வீட்டுக்குப் போன அன்னைக்கு மேஜையிலேருந்து ஒண்ணை எடுத்து நான்தான் அடியில முட்டுக் கொடுத்தேன். மறந்தே போச்சு" என்றாள். "ஆனா சரியான உயரம்ங்க."

ஒண்ணாம் தேதிக்கு முதல் நாள், ஐம்பது பிரதிகளையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு சின்னவர் அச்சகத்துக்குக் கிளம்பினார். அங்கே காகிதம் வெட்டும் மெஷின் இருக்கிறது; கண் முன்னாலேயே துண்டு துண்டாக்கிவிட்டால்தான் நிம்மதி. அச்சகத்து அம்மாள் ஓட்டினாள். மறுநாள் அவளுக்கு ஐந்தாவது டெஸ்ட்.

ஸ்கூல் வழியாகத்தான் போக வேண்டும். ஏணி போட்டு ஓர் ஆள் புதுப் போர்டு மாட்டிக்கொண்டிருந்தான். சின்னவர் படத்தில் முழித்துக்கொண்டுதான் இருந்தார். கீழே பெரியவர் நின்று, "இடது பக்கம் கொஞ்சம் தூக்குப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

சின்னவரும் ஆட்டினார். கார் திருப்பம் தாண்டும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"ஏன் மாஸ்டர் ஒரு மாதிரி இருக்கீங்க? அதான் எல்லாம் கிடைச்சாச்சே."

"கிடைச்சுது. ஊரே படிச்சுது, அவர் மட்டும் படிக்கலை. அதுக்கு சந்தோஷப்படணும். ஆனா முடியலைம்மா." அவர் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் அவரை அந்தப் பாடு படுத்தி எழுதி வச்சிருக்கேன். அது எதுவும் தெரியாம, பாவம், மறுநாள் காலையில நடந்து வந்து சாவியைக் கொடுக்கறார். தெரிஞ்சிருந்தா கொடுத்திருப்பாரா? ஆயுசு முழுக்க இது உறுத்தும். மன்னிப்புக் கேட்கணும்னாகூட, முதல்ல அவர் அதைப் படிச்சாகணும். அதுக்கு எனக்கு தைரியம் இல்லை."

கார் நின்றுவிட்டது. சின்னவர் சாலையைப் பார்த்தார். புறா எதுவும் இல்லை.

"என்னம்மா?"

அச்சகத்து அம்மாள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

"சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு மாஸ்டர். ஆனா நீங்க இப்படிப் பேசினா என்னால வண்டி ஓட்ட முடியாது."

"யார் உத்தரவு?"

"பெரியவர்தான். புரூஃப் ரெடியான அன்னைக்கு நீங்க செல்லை எடுக்கலைன்னு ஸ்கூல் நம்பருக்குப் போன் போட்டேன், அவர்தான் வந்தார். மூணு நாள் பிரஸ்லயே உக்காந்து ஒரு வரி விடாம படிச்சிட்டு, 'அவனுக்கு அப்படித்தாம்மா இருந்திருக்கும், ஒரு எழுத்தைக்கூட மாத்தாம அப்படியே அச்சடிங்க, புத்தகம் வெளியே வந்த மறுநாளே சாவியை நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்'னு சொல்லிட்டுப் போனார்."